ஞாயிற்றுக்கிழமை வடக்கே போகலாமா, தெற்கே போகலாமா?

வடசென்னையில் ஞாயிற்றுக்கிழமை "எங்கேயாவது வெளியே போகலாமா" என்று வீட்டில் பேச்சு எழுந்தால், கால் தானாகத் தெற்கே திரும்பும். மெரினா, கிண்டி, வண்டலூர், சம்பளம் வந்த வாரமாக இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஏதாவது ஒரு தீம் பார்க். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக நம் வீட்டுப் பின்னாலேயே ஓடுகிற கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் பிள்ளைகளை ஏற்றி வடக்கே போகிற குடும்பங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த லைன் வேலைக்குப் போகிறவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டோம் போல.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுநாள் பயணம் என்றால், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கே போவதுதான் செலவுக்கும் குறைவு, பார்ப்பதற்கும் நிறைவு. மாலை நேரம் மட்டும் என்றால் மெரினாவை அடிக்க ஆளில்லை. அரை நாள் என்றால் ஊரைத் தாண்டவே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

கணக்குப் போட ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் இருக்கிறார்கள். ஆயா (பாட்டி), அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன். மொத்தம் ஐந்து பேர்.

இவர்கள் ஆட்டோ பிடிக்காமல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் ஏறினால், 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டத்தில் ஆயாவுக்கும் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் காசு கிடையாது. பையனுக்கு ஐந்து வயது ஆகவில்லை, அவனுக்கும் டிக்கெட் இல்லை. ஆக ஐந்து பேர் போகிற பயணத்தில் அப்பா ஒருவருக்குத்தான் டிக்கெட். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அரை டிக்கெட், ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். மெட்ரோவில் கதை வேறு. குறைந்தபட்சம் 10, அதிகபட்சம் 50 ரூபாய். அரை டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு மட்டும்தான் இலவசம். நாலு வயதுப் பையன் அநேகமாக அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது நமக்குப் பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேரும் போய்த் திரும்பினால் பத்து டிக்கெட். வெயிலில் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் அந்தக் காசு தகும். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்து வேடிக்கை காட்ட வேண்டுமென்றால் பேருந்தோ ரயிலோ போதும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வெளியே போகும் செலவு என்றால் நாம் நுழைவுச் சீட்டை மட்டும்தான் பார்க்கிறோம். உண்மையில் பர்ஸ் காலியாவது வழியிலும் வாயிலும்தான். கேட்டில் காசு வாங்காத மெரினாவில், குதிரை, ராட்டினம், பலூன் சுடுவது, பஜ்ஜி, சோளம், ஐஸ் என்று இரண்டு பிள்ளைகள் வரிசையாகக் கைநீட்டினால் ஐந்நூறு ரூபாய் நோட்டு எப்போது மாறியது என்றே தெரியாது. டிக்கெட் வாங்கும் இடத்தில் உள்ளே போன பிறகு கேட்பதற்கு அவ்வளவு பொருள் இருக்காது. ஆகவே "இலவசம்" என்ற சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மெரினாவா, நம்ம கடற்கரையா?

நமக்கும் கடல் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீட்டுக்கு வீடு கடல்காற்று. அப்புறம் ஏன் ரயிலேறி மெரினாவுக்குப் போகிறோம்? மணலுக்காக.

இந்த மணல் கதை கொஞ்சம் கசப்பானது. நம் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் அங்கேயே தடுக்கப்பட்டு, துறைமுகத்துக்குத் தெற்கே குவியத் தொடங்கியது. இன்று நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுதூரம் நடந்து அலையைத் தொடும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். அதே காரணத்தால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரையை அலை அரித்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். நம் பங்கு மணலில் போய் உட்காரத்தான் நாம் டிக்கெட் எடுக்கிறோம் என்று நான் வீட்டில் சொல்வதுண்டு. யாரும் சிரிப்பதில்லை.

ஆகவே ஒப்பிட்டால், பிள்ளைகள் ஓடியாடி மணல்வீடு கட்ட மெரினாதான். வடக்குக் கரையில் தூண்டில் வளைவுகளுக்கு நடுவே அங்கங்கே மணல் சேர்ந்திருக்கிறது. காசிமேட்டுப் பக்கம் என்-4 பீச் என்று நாம் சொல்கிற இடத்தில் மாலையில் நல்ல கூட்டம் சேரும். காற்று வாங்க, பேசிக்கொண்டிருக்க அது போதும், செலவும் இல்லை. ஆனால் பாறைகள் வழுக்கும், நாலு வயதுப் பையனின் கையை ஒரு நிமிடம் விட முடியாது. இரண்டு கரையிலும் கடலில் இறங்கிக் குளிப்பதை மறந்துவிடுங்கள். மெரினாவில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன, பெரும்பாலும் "முட்டியளவு தண்ணீர்தானே" என்று இறங்கியவர்கள்.

மெரினாவுக்கு ஆயா வருவாரா என்பது பெரிய கேள்வி. அந்த மணலில் முட்டிவலிக்காரர்கள் நடக்க முடியாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலி போகும்படி 2022இல் மரப்பலகைப் பாதை ஒன்றைக் கடலை நோக்கிப் போட்டார்கள். திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். வயதானவர்கள் இருக்கும் வீடு அந்த இடத்தைக் குறிவைத்துப் போவது நல்லது.

போகும் வழி: கும்மிடிப்பூண்டி லைன் வண்டிகளில் பெரும்பாலானவை சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போகும், சில பீச் ஸ்டேஷனுக்குப் போகும். சென்ட்ரலில் இறங்கினால் சாலையைக் கடந்து பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறிச் சேப்பாக்கமோ கலங்கரை விளக்கமோ இறங்கலாம். திரும்பும்போது பீச் ஸ்டேஷனில் இறங்கிவிட்டால் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் கடைகள். இரவுச் சாப்பாட்டை அங்கே முடிப்பது மெரினா பஜ்ஜிக்குக் கொடுக்கிற காசுக்கு எவ்வளவோ மேல். பிள்ளைக்குக் காரம் குறைத்துப் போடச் சொன்னால் போடுவார்கள்.

வடக்குக் கரைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு, அது விடியற்காலையில். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிறு காலை ஏலம். வஞ்சிரம், சங்கரா, கடம்பா, இறால் என்று கூடை கூடையாகக் கரையேறுவதைப் பார்த்த பிள்ளைக்கு வேறு மீன் காட்சியகம் வேண்டாம். வாங்குகிற மீன் எப்படியும் வீட்டுக்கு வேண்டியதுதான், ஆகவே இதைச் செலவுக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். தரை ஈரமாக இருக்கும், நெரிசல் கடுமை. ஆயாவை விட்டுவிட்டுப் போகலாம், வழுக்காத செருப்புப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வரத்தும் குறைவு, விலையும் ஏறியிருக்கும். மற்ற மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நாளுக்கு

பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கத்துக்காரர்களுக்கு ஐசிஎப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகம் கைக்கெட்டும் தூரம். 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் பெட்டிகளில்தான் பாதி இந்தியாவே பயணம் செய்திருக்கிறது. அருங்காட்சியகம் 2002இல் வந்தது. பழைய நீராவி எஞ்சின்கள், பழங்காலப் பெட்டிகள் எல்லாம் திறந்தவெளியில் நிற்கின்றன. சுற்றிவரப் பொம்மை ரயில், அதற்குத் தனிச் சீட்டு. மரநிழல் இருந்தாலும் பதினோரு மணிக்கு மேல் இரும்பைத் தொட்டால் சுடும். திறந்தவுடன் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதுதான் சரி. திங்கட்கிழமை விடுமுறை.

இதற்குப் போட்டியாக அண்ணா மேம்பாலம் பக்கம், கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. 2024 அக்டோபரில் திறந்தபோது பெரியவர்களுக்கு 100, சிறியவர்களுக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். நம் குடும்பத்தில் மூன்று பெரியவர்களுக்கே 300 ஆகிவிடுகிறது. ஜிப்லைனும் பறவைக் கூடமும் தனிக் காசு. பூங்கா அழகுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அழகான பூங்காவில் போய் "அது வேண்டாம், இது வேண்டாம்" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு நடப்பது எனக்கு உல்லாசமாகப் படவில்லை. எதிரிலேயே இருக்கும் செம்மொழிப் பூங்காவில் இந்தத் தொல்லை குறைவு. மாதவரம் பால் பண்ணைப் பக்கம் இருக்கிற தோட்டக்கலைப் பூங்காவிலும் அப்படித்தான்; மூலக்கடை தாண்டினால் வந்துவிடும், அலைச்சல் இல்லை. ஓட இடம், உட்கார நிழல், இரண்டும் போதும் என்ற வயதில் பிள்ளை இருந்தால் மாதவரம். எட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே அரை மணி நேரத்தில் சலித்துவிடும், அவர்களுக்கு ரயில்.

ராயபுரம் ராபின்சன் பூங்காவை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன், அது அக்கம்பக்கத்தாருக்கான பூங்கா. ஆனால் அந்த வழியே போனால் பிள்ளைகளிடம் 1949இல் திமுக தொடங்கிய கூட்டம் இங்கேதான் நடந்தது என்று சொல்லலாம். பக்கத்திலேயே 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம். தூண்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. தினமும் அதைக் கடந்து போகிறவர்கள்தான் அதைப் பார்ப்பதே இல்லை.

முழு நாள்: வண்டலூரா, பழவேற்காடா?

இங்கேதான் வீட்டில் சண்டை வரும். பிள்ளைகளைக் கேட்டால் சந்தேகமே இல்லாமல் வண்டலூர் என்பார்கள். புலி, சிங்கம், வெள்ளைப் புலி. நியாயம்தான். 1855இல் தொடங்கிய இந்தியாவின் மிகப் பழைய உயிரியல் பூங்கா அது. அந்தக் காலத்தில் நம் பக்கம்தான் இருந்தது, சென்ட்ரலுக்கு அருகே. ஆயாவின் தலைமுறை அதை உயிர் காலேஜ் என்றுதான் சொல்லும், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். 1985இல் வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். விலங்குகளுக்கு 602 ஹெக்டேர் இடம் கிடைத்தது, வடசென்னைக்குத் தூரம் கிடைத்தது.

பெரியவர்களுக்கு நுழைவுச் சீட்டு 200 ரூபாய். மூவருக்கு 600. ரயில் டிக்கெட் மலிவுதான், ஆளுக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி, தாம்பரம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் எளிதாகக் கரைந்துவிடும். உள்ளே நடை அதிகம். ஆயாவால் முடியாது, பேட்டரி வண்டிக்குத் தனிக் காசு. நாலு வயதுப் பையன் பாதி வழியில் தோளில் ஏறிக்கொள்வான். மதிய வெயிலில் பாதி விலங்குகள் நிழலில் படுத்துத் தூங்கும், "எங்கேப்பா புலி" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே அப்பாவின் தொண்டை வறண்டுவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், பள்ளி விடுமுறைக் காலத்தில் கேட் வரை போய்த் திரும்புகிற குடும்பங்கள் உண்டு.

இனிப் பழவேற்காடு. தண்டையார்பேட்டையில் ரயிலேறினால் பொன்னேரிக்கு ஆளுக்கு 10 ரூபாய். மூன்று பெரியவர்கள் 30, பெண்ணுக்கு 5. போகவர எழுபது ரூபாய். பொன்னேரியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் பேருந்துப் பயணம். மகளிருக்குக் கட்டணமில்லாத வண்டி அமைந்தால் அதிலும் அப்பாவுக்கு மட்டும் டிக்கெட். நுழைவுச் சீட்டு என்று ஒன்றுமே இல்லை. வண்டலூர்க் கேட்டில் கொடுக்கும் 600 ரூபாயை அப்படியே மதியச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்; இறாலும் நண்டும் அங்கே கிடைக்கிற புதுசில் சென்னையில் கிடைக்காது.

என்ன பார்ப்பது? ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. நவம்பரிலிருந்து பூநாரைகள் வரத் தொடங்கும், டிசம்பர், ஜனவரியில் கூட்டம் கூட்டமாக நிற்கும். அவை ஏரியின் எந்தப் பக்கம் மேய்கின்றன என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. கரையிலிருந்து பார்த்தால் இளஞ்சிவப்புக் கோடு மாதிரிதான் தெரியும் நாட்களும் உண்டு. ஒரு பைனாகுலர் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். பறவை ஏமாற்றினாலும் டச்சுக் கல்லறை ஏமாற்றாது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இப்போது புதர்தான், ஆனால் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். எட்டு வயதுப் பெண் வண்டலூர்ப் புலியை மறந்தாலும் அந்த எலும்புக்கூட்டை மறக்க மாட்டாள். கல்லறைக் கற்களில் கப்பலும் மாலுமிகளின் குடும்பச் சின்னங்களும் பூ வேலைப்பாடும் நானூறு ஆண்டுக்கு அருகில் வந்தும் கூர் மழுங்காமல் இருக்கின்றன.

படகு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, சுற்றுலா போனவர்கள் ஏறிய படகு முகத்துவாரப் பக்கம் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்ற மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. கரையில் யாராவது வந்து "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் சார், பயமில்ல" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். பிள்ளைகள் அழும். அழட்டும்.

குறைகள் வேறு சிலவும் உண்டு. நிழல் குறைவு. பெண்களுக்குக் கழிப்பறை வசதி பெரிய பிரச்சினை, பொன்னேரியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக அந்த லைனில் சில வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்; முதல் நாள் மாலையே அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். கடைசிப் பேருந்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் நாலு மணிக்கே பொன்னேரிக்குக் கிளம்பிவிட்டால் ரயிலில் உட்கார இடமும் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும், குளிர்காலம் என்றால் என் ஓட்டு பழவேற்காட்டுக்குத்தான். ஆயா மரத்தடியில் உட்கார்ந்து மீன்காரம்மாவிடம் ஊர்க்கதை பேசலாம். வண்டலூரில் ஆயாவுக்கு அந்த இடமே இல்லை.

இதே ரயில்பாதையில் இன்னும் மேலே போனால் ஆந்திர எல்லைக்குள் சூளூர்பேட்டை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க 2019இல் இஸ்ரோ மாடம் ஒன்றைத் திறந்தது. கட்டணம் கிடையாது, இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பதிவு திறந்தவுடன் தீர்ந்துவிடும். ஏவுதல் தள்ளிப்போனால் பயணம் வீண் என்பதால் இதைக் குடும்பத் திட்டமாக வைக்க மாட்டேன். வானம் தெளிவாக இருந்தால் திருவொற்றியூர் மொட்டைமாடியிலிருந்தே புகைக்கோடு தெரிகிறதே, அது போதாதா?

எண்ணூர் முகத்துவாரத்தைச் சிலர் சொல்வார்கள். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம், அந்தி வெயிலில் பார்க்கவே தனி அழகு. ஆனால் சுற்றிலும் அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்து படிந்த எண்ணெய், தொழிற்சாலை வாடை. பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் படிக்கும் பெரிய பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய இடம் அது, பிக்னிக் போகிற இடம் இல்லை.

ஆயாவின் விருப்பப்படி நாள் அமைய வேண்டுமென்றால் கோயில்தான். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூன்று கோயில்களையும் ஒரே நாளில் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்றும் முடியாது, மேலூரும் திருவொற்றியூரும் போதும். சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் செவ்வாய் தவிர வேறு நாளில் போங்கள், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சாமியைவிட முன்னால் நிற்பவரின் முதுகுதான் அதிகம் தெரியும்.

மே மாதம் வந்தால் மேலே சொன்ன வரிசை மாறிவிடும். பழவேற்காட்டில் பறவையும் இருக்காது, நிழலும் இருக்காது, தடைக்காலத்தில் மீனும் குறைவு. அப்போது பிள்ளைகள் வண்டலூர் என்று அடம்பிடித்தால் சரி என்றுவிடுங்கள். ஆனால் ஞாயிறு வேண்டாம், புதன் அல்லது வியாழனாகப் பார்த்து, ஆயாவை வீட்டில் அத்தையுடன் விட்டுவிட்டு, காலை ஆறு மணி வண்டியைப் பிடித்து, எலுமிச்சைச் சாதமும் மூன்று பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, மதியம் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.